லாவோஸுக்கு வேண்டிய சாமான்கள்

ஒரே ஒரு ஃபேன் பெல்ட் வாங்கத்தான் கார்த்திகேசு ஈப்போ லகாட் சாலையில் இருந்த முத்து முகம்மதுவின் ஸ்பேர் பார்ட் கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் இரண்டு பெல்ட், ஒரு வாட்டர் பம்ப், பம்புக்கு வேண்டிய ரப்பர்க் குழாய்கள் எல்லாம் இருந்தன.

"ஒண்ணு போதும்னு சொல்லிட்டுப் போனீங்க" என்றாள் அவர் மனைவி கலாதேவி.

"பெல்ட்டு ஏன் அறுந்து போகுது? பம்பு இறுகிப் போனா அறுந்து போகும். லாவோஸ் மலைக்குள்ள நூறு கிலோமீட்டருக்கு ஒரு பட்டறை கிடையாதாம், பாய் சொல்றாரு. பம்பு இல்லாம பெல்ட்டை மட்டும் வச்சுக்கிட்டு என்ன செய்யுறது?"

"அதுவும் சரிதாங்க" என்று சொல்லிவிட்டு அவள் டீ போடப் போனாள். மனைவி இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டால் மற்ற கணவன்மார்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். கார்த்திகேசுவுக்கு வரவில்லை.

தஞ்சோங் மாலிமில் ஒரு கார் தொழிற்சாலையின் ஸ்டோரில் இருபது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஸ்டோர்க்காரருக்கு இரண்டு சட்டங்கள். வண்டியில் ஒன்று இருந்தால் அலமாரியில் இன்னொன்று இருக்க வேண்டும். முதலில் உள்ளே வந்த சாமான்தான் முதலில் வெளியே போக வேண்டும். வேலையை விட்டு வந்தபோது அங்கே அவருக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். அதோடு இந்த இரண்டு சட்டங்களையும் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அரிசி டின்னில் பழைய அரிசி தீராமல் புது அரிசியைக் கொட்டக் கூடாது. பல் தேய்க்கிற பிரஷைக்கூட வாங்கிய வரிசைப்படிதான் எடுக்க வேண்டும்.

அந்த வீட்டில் இப்போது இரண்டு காரியங்கள் வரிசையில் நின்றன. முதலாவது, கலாதேவிக்கு அவர் கொடுத்த வாக்கு. கல்யாணமான புதிதில் இருவரும் இரவல் காரில் கேமரன் மலைக்குக் கிளம்பினார்கள். மலையடிவாரத்தில் தாப்பாவிலேயே ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. பகல் முழுவதும் ஒரு சாப்பாட்டுக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, பஸ் பிடித்து ஈப்போவுக்குத் திரும்பினார்கள். ஒரு நாள் உன்னைப் பெரிய பயணமாக அழைத்துப் போகிறேன் என்று அன்று சொன்னவர், முப்பத்திரண்டு வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். இடையில் ஓவர்டைம் வந்தது, மகன் சுரேனின் பரீட்சை வந்தது, மறுபடியும் ஓவர்டைம் வந்தது. வாரத்தில் ஐந்து நாள் அவர் தஞ்சோங் மாலிமில் வாடகை அறையில் இருந்தார். கலாதேவி இந்த வீட்டில் தனியாகவே இருந்தாள்.

இரண்டாவது காரியம் சுரேனுடையது. அவன் பெர்த்தில் வேலை பார்க்கிறான். வீட்டை விற்றுவிட்டு இரண்டு பேரும் என்னோடு வந்துவிடுங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான்.

வரிசை என்றால் வரிசைதான். "அம்மாவை லாவோஸுக்கு அழைச்சிட்டுப் போய்ட்டு வந்த மறுநாளே வீட்டை வித்துடலாம்பா. அதுவரைக்கும் யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது" என்று கார்த்திகேசு மகனிடம் சொல்லிவிட்டார். லாவோஸ் ஏன் என்றால், ஒரு நாள் டிவியில் மேகோங் ஆற்றைக் காட்டியபோது கலாதேவி "அழகா இருக்கு" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான் என்று அவர் எடுத்துக்கொண்டார். அடுத்த மாதமே இருபது வருடம் ஓடிய ஒரு டீசல் ஃபோர்வீல் ஜீப்பை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார்.

நவம்பரில் கிளம்புவதாக ஏற்பாடு. மார்ச் வந்தால் அந்த மலைகளில் ஒரே புகை, மே வந்தால் மழை என்று எல்லாம் விசாரித்து வைத்திருந்தார்.

பம்பு வாங்கிய அடுத்த வாரம், வாங்கிய சாமான்களின் பட்டியலை முத்து முகம்மதுவிடம் பெருமையாகக் காட்டினார். அவர் அதை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுத் தாடியைத் தடவினார். கவுண்டரில் பில் எழுதிக்கொண்டிருந்த அவர் மனைவி மெஹர்பானுவும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஸ்டார்ட்டர் மோட்டர் எங்கண்ணே?"

"அதுதான் வண்டியிலேயே இருக்கே பாய்."

"வண்டியில இருக்குலா. ரோசாக் ஆயிட்டா?"

அதற்கு மேல் முத்து முகம்மது பேசத் தேவையே இல்லை. ஸ்டோர்க்காரரிடம் போய் ரோசாக் ஆகிவிட்டால், அதாவது கெட்டுப்போய்விட்டால், என்று கேட்டால் அவர் என்ன செய்வார், பாவம். ஸ்டார்ட்டர் மோட்டர் வந்தது. அடுத்த வாரம் ஆல்டர்னேட்டர். அதற்கடுத்த வாரம் பிரேக் சாமான்கள், பெட்டி பெட்டியாக ஃபில்டர்கள். ஜீப்பின் பின்பக்கம் தரையைத் தொடப் பார்த்தது. முன்விளக்கைப் போட்டால் சாலை தெரியவில்லை. எதிர்வீட்டுத் தென்னை மரத்தின் குலை நன்றாகத் தெரிந்தது.

இதைச் சரிசெய்யப் பின்பக்க ஸ்பிரிங்கில் பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தார். ஸ்பிரிங் கெட்டியானதும் வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. குலுக்கலைத் தாங்குகிற அப்சோர்பர்கள் இரண்டும் எண்ணெயைக் கக்கின. புது அப்சோர்பர் மாட்டினார். சட்டப்படி இன்னொரு ஜோடியும் வாங்கி உள்ளே வைத்தார். பாரம் இன்னும் ஏறியது.

"கிளம்புறது டிசம்பருக்குத் தள்ளிப் போகுது கலா. ரெண்டே வாரம்" என்றார்.

"சரிங்க" என்றாள் கலாதேவி. பெட்டியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தாள்.

டிசம்பரில் காம்பார் வரை ஒரு வெள்ளோட்டம் விட்டார். கோப்பெங் தாண்டி ஓர் ஏற்றத்தில் கிளட்ச் கருகி, பின்னால் வந்த லாரிக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டே முந்திப் போனார். அதனால் ஒரு கிளட்ச் மாட்டியாயிற்று, ஒரு கிளட்ச் கைக்காவலுக்கு. அதை வைக்க இடமில்லாததால் பின் இருக்கையைக் கழற்றினார். அதுவும் போதாமல் கூரைமேல் ஒரு இரும்புத் தட்டு போட்டார். தட்டுப் போட்டதும் உயரம் கூடி, வண்டி போர்ச்சுக்குள் நுழையவில்லை. வெளியே மரத்தடியில் நிறுத்தினார். மூன்றே நாளில் எலிகள் ஏறி வயர்களைத் தின்றுவிட்டன. முழு வயரிங்கும் மாற்ற வேண்டியதாயிற்று. எத்தனை செட் வாங்கினார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொரு தடவையும் ரெண்டே வாரம் என்று சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவள் சரிங்க என்றாள். அந்த ஸ்வெட்டர் லாவோஸுக்குப் போகாமலேயே மடிப்பில் நைந்துபோனது.

அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்கு நன்றாக இருந்திருக்கும். திட்டுவதற்குப் பதில் அவள் பொழுதுபோக்க ஏதேதோ செய்தாள். ஜனவரியில் ஆள் வைத்துச் சமையலறைக்குப் புதுசாகச் சிமெண்டுக் கல் பதித்தாள். பிப்ரவரியில் வேலியோரம் முருங்கைக் கிளை நட்டாள். அடுத்த வருடத் திருவிழாவுக்குக் கோயிலில் பெண்கள் பொறுப்பை ஏற்றுக்கொண்டு வந்தாள்.

"விக்கப்போற வீட்டுக்கு எதுக்கு இதெல்லாம்?"

"வாங்குறவங்க பார்த்தா நல்லா இருக்கணும்ல" என்றாள், முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே.

பயணம் தள்ளிப் போகிற ஏக்கத்தை இவள் இப்படித்தான் ஆற்றிக்கொள்கிறாள் என்று கார்த்திகேசுவுக்குப் பட்டது. நெஞ்சில் முள் மாதிரி குத்தியது. அந்தக் குற்ற உணர்ச்சியில் இன்னும் வேகமாகச் சாமான் வாங்கினார்.

மார்ச் பிறந்தது. முத்து முகம்மது ஒரு நாள் குரலைத் தாழ்த்தி, தனக்குத் தெரிந்த ஒருவர் லாவோஸில் மலைக்குள் ஷாஃப்ட் உடைந்து ஒன்பது நாள் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். ஒன்பது நாளும் மூன்று வேளையும் ஒட்டரிசிச் சோறுதானாம். சொல்லும்போது அவர் கார்த்திகேசுவின் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற அந்த நீளமான இரும்புத் தண்டோடு கார்த்திகேசு வீட்டுக்கு வந்தார்.

தண்டு எங்கேயும் அடங்கவில்லை. கூரையில் டயர்களும் எண்ணெய் டின்களும் இருந்தன. பின்னால் விரல் நுழைய இடமில்லை. நான்கு தடவை அளந்து பார்த்துவிட்டு, முன்பக்கம் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைக் கழற்றினார். தண்டு அச்சாக உட்கார்ந்தது. கதவைச் சாத்திவிட்டு நான்கு அடி பின்னால் நகர்ந்து நின்று தன் கைவேலையைத் தானே ரசித்தார்.

டீயோடு வந்த கலாதேவி கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள்.

"நான் எங்கங்க உட்காருறது?"

கார்த்திகேசு ஜீப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் ஜீப்பைப் பார்த்தார். அந்த வண்டிக்குள் எல்லாச் சாமானும் இரண்டு இரண்டாக இருந்தது. ஆளுக்குத்தான் இடமில்லை.

"பரவாயில்லைங்க. சாமான்தானே முக்கியம்" என்றாள் அவள், மெதுவாக.

கழற்றிய இருக்கையைப் போர்ச்சில் போட்டு வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் கலாதேவி அதில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தெருவில் போகிறவர்கள் அவளிடம் நின்று பேசிவிட்டுப் போனார்கள். மார்க்கெட்டிலிருந்து வந்த கார்த்திகேசு வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். கார் இருக்கையில்தான் இருக்கிறாள், ஆனால் கார் இல்லை. முப்பத்திரண்டு வருடம் அவளை இப்படித்தானே உட்கார்த்தி வைத்தோம் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. தாப்பாவில் பெல்ட் அறுந்தது விதி. அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் தன் தப்பு. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை.

அந்த ஞாயிறு சுரேன் போன் செய்தான். காம்பாரில் ஒரு வாத்தியார் குடும்பம் வீடு கேட்டுக் காத்திருக்கிறதாம். "இந்த வாரமே கிளம்புறோம்பா. திரும்பி வந்ததும் கையெழுத்துப் போட்டுடலாம்" என்றார் கார்த்திகேசு. கலாதேவியிடம் மூச்சுவிடவில்லை. சொல்லிச் சொல்லி ஏமாற்றியது போதும், இந்தத் தடவை பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் சொல்வது என்று முடிவு செய்திருந்தார்.

திங்கட்கிழமை காலை, ஜீப்பை அத்தனை சாமானோடும் முக்கி முனகி ஓட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

"பாய், எல்லாத்தையும் இறக்கிக்குங்க. பெல்ட்டு ஒண்ணு போதும். புகையா இருந்தாலும் பரவாயில்ல, வெள்ளிக்கிழமை நானும் அவளும் கிளம்புறோம்."

முத்து முகம்மதுவின் முகம் மாறிவிட்டது. மெஹர்பானுவின் பேனா பில்லின் நடுவில் நின்றது.

"வித்த சாமானைத் திருப்பி எடுக்கிறது நம்ம கடையில வழக்கம் இல்லைண்ணே."

"காசு வேணாம். சும்மா வச்சுக்குங்க."

சும்மா கொடுக்கிறவரிடம் ஒரு கடைக்காரர் என்ன சொல்லி மறுப்பது? முத்து முகம்மது, ரேடியேட்டர் பற்றி யோசித்தீர்களா, அந்தப் பக்கத்துச் சேறு ரேடியேட்டருக்கு ஆகாதே என்று இழுத்தார்.

கார்த்திகேசு அங்கே கிடந்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"போதும் பாய். அவ ஒரு வார்த்தை கேட்டதில்லை. சரிங்க, சரிங்கன்னே இருந்துட்டா. அவ ஆசைப்பட்டது அந்த ஒரு பயணம்தான். அதையும் நான்தான் சாமான் சாமான்னு தடுத்துட்டேன். இந்தப் பாவத்தோட நான் பெர்த்துக்குப் போய் அவ முகத்தை எப்படிப் பார்ப்பேன்?"

அவர் கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முத்து முகம்மது மனைவியைப் பார்த்து வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். மெஹர்பானு அதைக் கவனிக்காதவர் மாதிரி பில் புத்தகத்தை மூடித் தள்ளி வைத்தார்.

"நீங்க தடுக்கலைண்ணே. பயணம் முடிஞ்சா வீட்டை வித்துருவாரு, எப்படியாச்சும் நிறுத்துங்கன்னு அழுது, வாரா வாரம் போன் போட்டு அடுத்த சாமானோட பேரைச் சொன்னது கலா அக்காதான்."