நான் தொலைத்த மாமனார்

தேடத் தெரிந்தவர்கள் உலகில் பலர்; தேடலை நிறுத்தத் தெரிந்தவர்கள் அரியர். நான் முதல் வகையினள் என்பதற்கு என் மாமனாரே சான்று.

தலைமைக் கணினி இல்லாத வலைப்பின்னலில், எந்தக் கோப்பு எந்தக் கணினியில் உள்ளதென எவருக்கும் தெரியாத நிலையில், சிக்கனமாகத் தேடுவது எப்படி? அதுவே என் முனைவர்ப்பட்ட ஆய்வு. எல்லாரையும் கேட்டு, அவர்களும் எல்லாரையும் கேட்பது மூடத்தனம். கேள்வி இத்தனை கைதான் மாறலாம் என்று ஆயுள் விதிக்காவிட்டால், விடை கிடைத்த பின்னும் அது அலைந்துகொண்டே இருக்கும் எனப் பக்கம் பக்கமாக நிறுவியிருந்தேன்.

கருட சேவையன்று, தரிசனம் முடிந்ததும் எங்கள் வீட்டில் என் திருமணப் பேச்சு என ஏற்பாடு. திருவிழாக் கூட்டத்தில் மாப்பிள்ளையின் தந்தையைக் காணவில்லை. அவரது கைப்பேசியோ மனைவியின் பையில். சம்பந்தியைத் தொலைத்த வீட்டில் யார் பெண் எடுப்பார்? பதறிப்போய், அவர் படத்தையும் எங்கள் விலாசத்தையும் தறிக்காரர் குழு, சரிகைக் கடைக் குழு, தெருக் குழு என அத்தனைக்கும் அனுப்பினேன்: 'எல்லாருக்கும் பகிரவும்.' (ஆயுளாவது, மண்ணாவது!) மக்களுக்கு இரக்கம் பிறக்கட்டுமென்று, இல்லாத நோயையும் சேர்த்தேன்: 'ஞாபகமறதி உண்டு. தொலையவில்லை என்று சாதிப்பார், நம்ப வேண்டாம்.'

சற்று நேரத்தில், நீர்மோர்ப் பந்தலிலிருந்து மீசையைத் துடைத்தபடி அவரே வந்து சேர்ந்தார். 'கிடைத்துவிட்டார்' என்று அறிவித்தேன். ஒருவரும் பகிரவில்லை. (கிடைத்தவரில் என்ன சுவை இருக்கிறது?)

மாலையில் ஊர் திரும்ப வாலாஜாபாத் பேருந்துக்கு நின்றவரை, இருவர் இருபுறமும் பிடித்தபடி ஆட்டோவில் கொணர்ந்து எங்கள் வாசலில் இறக்கினர்.

"நான் தொலையலபா! வூட்டுக்குப் போய்க்கினு இருந்தேன்!"

"இப்பிடித்தான் சொல்வீங்கன்னு போட்டிருக்குது, பெரியவரே."

மறுவாரம் திருப்புட்குழியிலிருந்து கொணர்ந்தார்கள். அடுத்து, அவர் வீட்டுத் தெருமுனையிலிருந்தே. அவர் மனைவி கொதித்துப் போனார். "இன்னாங்க இது அநியாயம்? இந்தச் சம்பந்தமே நமக்கு வேணாம்!"

என் அம்மா நீட்டிய காப்பியை வாங்கிக்கொண்டு மாமனார் நிதானமாகச் சொன்னார்: "எங்க புடிச்சாலும் இந்த வூட்லதான் எறக்கி வுடுறானுங்க. சம்பந்தி வூடா இல்லன்னா, அடிக்கடி வந்து காப்பி குடிக்கிறது நல்லாவா இருக்கும்?"

திருமணம் நடந்தது. செய்தி இன்னும் அலைகிறது. மாமனார் மறுப்பதை விட்டுவிட்டார். சென்ற மாதம் தென்னேரியில் ஒருவர் வண்டியை நிறுத்தியதும், முகத்தைச் சற்றே பரிதாபமாக வைத்துக்கொண்டு ஏறி அமர்ந்தாராம்.

அவர் வெளியே கிளம்பும்போதெல்லாம் அத்தை உள்ளிருந்து கேட்பார்:

"திரும்பி எப்பிடி வருவீங்க? பஸ்ஸுலயா, தொலைஞ்சா?"