கனகரத்தினத்தாரின் கார் புகைப்பதில்லை

சிவமயம்

வட்டுக்கோட்டை,
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு நிறைந்த தங்கச்சி ஞானாம்பிகைக்கு,

உன் அண்ணன் சோமசேகரம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மச்சாளும் மகள் வித்தியாவும் நலம். உன் சுகத்தையும், மச்சானின் முழங்கால் சுகத்தையும், மாப்பிள்ளையாகப் போகிற மருமகன் பிரவீணனின் சுகத்தையும் வேண்டி வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளையாருக்கு விளக்கு வைக்கிறோம். கனடாவில் இப்போது நல்ல வெயில் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். இங்கேயும் வெயில்தான். சோளகக் காற்றும் நன்றாக அடிக்கிறது. நிற்க.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் நான் காரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாலே நீ "அண்ணை, லைன் கிளியர் இல்லை" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு லைன் தேவையில்லை. எழுதி முடித்ததும் வித்தியா இதைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவாள். பெரிதாக்கி வாசி. மச்சானுக்கும் வாசித்துக் காட்டு. பொம்பிளை வீட்டாருக்கு மட்டும் காட்டவேண்டாம்.

விஷயம் இதுதான். போன வெள்ளிக்கிழமை கோயிலில், எங்கள் எதிர்வீட்டுக் கனகரத்தினத்தாரின் மனைவி, நான் கையில் விபூதியோடு நிற்கும்போதே உன் மச்சாளிடம் சொல்கிறா: "பிரவீணன் தம்பியின்ரை மாப்பிள்ளைக் கார் எங்கடைதானாம். ஞானாம்பிகை போனிலை சொன்னவ." நான் விபூதியை நெற்றியில் பூசினேனா, வாயில் போட்டேனா என்று எனக்கே தெரியாது. பிள்ளை, பிரவீணன் யார்? என் உடன்பிறந்தாளின் மகன். நான் யார்? தாய்மாமன். கனடாவிலிருந்து வந்து மாப்பிள்ளை கலியாணத்துக்கு வெளிக்கிடப்போவது எந்த வீட்டிலிருந்து? என் வீட்டிலிருந்து. என் கொட்டகைக்குள் என் மொரிஸ் மைனர் கார் நிற்க, கனகரத்தினத்தாரின் மொரிஸ் மைனர் நடுவிலுள்ள ஒழுங்கையைக் கடந்து என் படலை வாசலுக்குள் வந்து என் மருமகனை ஏற்றிக்கொண்டு போவதா? அதை நான் பட்டுவேட்டியோடு நின்று பார்ப்பதா? எனக்குப் பொறாமை என்று உன் மச்சாள் சொல்கிறா. ஓம், பொறாமைதான். வயிறு எரிகிறது. ஒளித்து என்ன செய்ய.

நீ ஏன் அப்படி முடிவெடுத்தாய் என்பதும் எனக்குத் தெரியும். எல்லாம் அந்தப் படப்பிடிப்பாளர் ஜெயதீபன் செய்த வேலை. பழைய கார் இருந்தால்தான் அல்பம் அழகாக வரும் என்று மருமகன் அங்கிருந்தே பேசிப் பிடித்த பொடியன் அவன். மேலே பறந்து படமெடுக்கிற இயந்திரமும் வைத்திருக்கிறான். சித்திரையில் வந்து இரண்டு கார்களையும் பார்த்தான். என்னுடையதை ஸ்டார்ட் பண்ணச் சொன்னான், பண்ணினேன். கொஞ்ச நேரத்தில் புகைக்குள்ளிருந்து அவனுடைய குரல் மட்டும் வந்தது: "ஐயா, நீங்கள் எங்கை நிக்கிறியள்?" அதற்குப் பிறகு எதிர்வீட்டுக்குப் போனான். கனகரத்தினத்தார் தன்னுடையதை ஒழுங்கைக்கு எடுத்து விட்டார். கோயில் மணியைத் துடைத்து வைத்த மாதிரி வந்து நின்றது, பின்னால் ஒரு இழை புகை இல்லை. பொடியன் உடனே உனக்குப் படம் அனுப்பிவிட்டான்.

எனக்கு விளங்காத இடம் இங்கேதான் தொடங்குகிறது. இரண்டு காரும் ஒரே வயது. தொண்ணூறுகளில் யுத்தத் தடையால் பெற்றோல் இல்லாமல் ஊரே மண்ணெண்ணெயில் ஓடியபோது இரண்டும் ஒரே வரிசையில் நின்று ஒரே மண்ணெண்ணெயைத்தான் குடித்தன. ஷாம்பூப் போத்தலால் இரண்டு துளி பெற்றோலை எஞ்சினின் மூக்கில் விட்டு அவர் ஸ்டார்ட் பண்ணினால், நானும் அப்படித்தான் ஸ்டார்ட் பண்ணினேன். எஞ்சின் தேய்ந்தது என்றால் இரண்டும் தேய்ந்திருக்கவேண்டும், என்னுடையது மட்டும் ஒயில் குடித்துப் புகைப்பானேன்? நான் காரை எடுத்தால், டெங்கு நுளம்புக்குப் புகையடிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று ஒழுங்கையில் சனம் ஓடிப்போய்ச் சோற்றுப்பானையை மூடுகிறது. சங்கக்கடையடியில் ஒரு மனுசி என்னை மறித்து, "எங்கடை கிணத்தடிப் பக்கமும் ஒருக்கால் அடிச்சுவிடுங்கோ தம்பி" என்று கேட்டா. நானும் வெட்கத்தில் ஓம் என்று சொல்லி அந்தப் பக்கத்தால் ஒருதரம் போய்விட்டு வந்தேன்.

படப்பிடிப்பாளர் வந்துபோன கையோடு குருநகரிலிருந்து மெக்கானிக் ஜெயசுதனைக் கூப்பிட்டேன். வள்ளத்து எஞ்சின் செய்கிறவன், கை சுத்தம், ஆனால் சொன்ன நாளில் வந்ததாகச் சரித்திரம் இல்லை. வந்து பார்த்துவிட்டு, உள்ளே பிஸ்டன் றிங் எல்லாம் தேய்ந்து ஒயில் மேலே ஏறி எரிகிறது, எஞ்சினைக் கழற்றிச் செய்வதுதான் வழி என்றான். கலியாணத்துக்கு முன்னால் முடியுமா என்றேன். எந்தக் கலியாணம் என்று கேட்டான். அவனை நம்பி எஞ்சினைக் கழற்றினால் பிரவீணனின் பிள்ளைக்குக் காதுகுத்தும்போதுதான் திரும்பப் பூட்டுவான் என்று நினைத்து, வேறு வழி கேட்டேன். "அப்ப இப்ப போடுறதிலை பாக்க ஒரு படி தடிச்ச ஒயில் போடுங்கோ அங்கிள். குடிக்கிறது குறையும். ஒரு படிதான், கூடப் போடாதேங்கோ" என்றான்.

போட்டேன். உண்மையைச் சொல்லவேண்டும், குறைந்தது. முன்பு சுன்னாகம் சந்தைக்குப் போய்வந்தால் ஒயில் அளக்கிற கம்பியின் நுனியில்தான் ஈரம் இருக்கும், இப்போது பாதிக்கு மேல் நின்றது. புகையும் அடுப்புப் புகை அளவுக்கு வந்துவிட்டது. அத்தோடு நான் கையைக் கழுவியிருக்கவேண்டும். ஆனால் அன்று பின்னேரம் கனகரத்தினத்தார் தன் படலையில் நின்று என் காரின் பின்பக்கத்தைப் பார்த்து, "இப்ப கொஞ்சம் பறவாயில்லைப் போலை" என்றார். கொஞ்சம் என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தை நீ கேட்டிருக்கவேண்டும். நான் உள்ளே வந்து தேத்தண்ணி குடிக்காமல் யோசித்தேன். ஒரு படி தடித்ததற்குப் பாதிப் புகை போனதென்றால், இன்னும் ஒரு படி தடித்தால் மிச்சப் பாதியும் போகத்தானே வேண்டும்? பஸ் டிப்போவில் முப்பது வருஷம் நேரம் குறித்தவன் நான், வாகனத்தைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று நினைத்தேன். நேரத்தைக் குறித்தேனே தவிர ஒரு பஸ்ஸின் மூடியையாவது திறந்து பார்த்தவனில்லை என்று உன் மச்சாள் ஞாபகப்படுத்தினா. நான் காதில் விழுத்தவில்லை.

பழைய லொறிகளுக்குப் போடுகிற ஒயிலை வாங்கி வார்த்தேன். புகை இன்னும் குறைந்தது, காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் கார் கொஞ்சம் முனகியது. வயது போன சாமான் முனகத்தானே செய்யும், நானும் முனகித்தான் எழும்புகிறேன். அந்தக் கிழமை எதிர்வீட்டுப் பின்வளவில் வாழை இலையெல்லாம் கறுத்துக் கிடப்பதை மதிலுக்கு மேலால் கண்டேன். ஏதோ புதுவித நோய் என்று நினைத்து, கடவுள் ஒரு பக்கம் கொடுத்தால் ஒரு பக்கம் எடுக்கிறார் என்று மனதுக்கு ஆறுதலாக இருந்தது. அந்த உற்சாகத்தில் கியர்ப் பெட்டிக்கு விடுகிற ஒயிலையும் அரைவாசி கலந்து, யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் விற்ற, சீனிப்பாணி மாதிரி ஒழுகுகிற எஞ்சின் மருந்துப் போத்தல் ஒன்றையும் மேலே ஊற்றினேன். ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஒயில் சொட்டவில்லை, யோசித்துக்கொண்டு நின்றது. "உது கூழ்ப் பதமும் தாண்டிக் களிப் பதத்துக்கு வந்திட்டுது" என்றா உன் மச்சாள்.

போன புதன்கிழமை நல்ல நேரம் பார்த்து, படப்பிடிப்பாளர் ஜெயதீபனை மறுபடி வரச்சொல்லி, முதல்நாளே காரைத் தள்ளி ஒழுங்கையில் விட்டுக் கழுவி, பொட்டு வைத்து, சில்லுகளுக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் வைத்துத் தேங்காய் உடைத்தேன். ஏறியிருந்து கார்த் திறப்பைத் திருப்பினேன். உம் என்று ஒரு சத்தம், பிறகு அதுவும் இல்லை. முன்னால் ஸ்டார்ட் பண்ணுகிற கம்பி போட்டுச் சுற்றினேன். கம்பி சுற்றவில்லை, என் தோள்மூட்டுத்தான் சுற்றியது. அந்த நேரம் பார்த்துக் கோயில் திருவிழாவுக்கு வந்த அளவெட்டி மேளகாரரின் வான் ஒழுங்கைக்குள் வந்து எனக்குப் பின்னால் மறிபட்டு நின்றது. பாவம், நாதஸ்வரத்தையும் தவிலையும் உள்ளே வைத்துவிட்டு எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். தவில்காரரின் தோளுக்கு என் கார் ஒரு பொருட்டில்லை. தள்ளிய வேகத்தில் எலுமிச்சம்பழம் நசிந்தது, அது சாஸ்திரத்துக்குப் போதும் என்றேன். எஞ்சின் ஓடாமல் நசிந்தால் கணக்கில்லை என்றா உன் மச்சாள். அந்த வாக்குவாதத்துக்கு நடுவில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பிள்ளை, நான் பொய் சொல்லவில்லை, புகை என்பது மருந்துக்கும் இல்லை. ஜெயதீபன் கமெராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தான். கனகரத்தினத்தார் படலையில் நிற்கக் கண்டு நான் கையைக் கூட அசைத்தேன்.

அசைத்த கை இறங்க முன்னம் எஞ்சின் அணைந்து கார் அவருடைய படலைக்குக் குறுக்கே நின்றது. உள்ளே அவருடைய கார் அரியாலையில் ஒரு கலியாணத்துக்குப் போகப் பூமாலையோடு ஆயத்தமாக நிற்கிறது. மேளகாரர் இதற்குள் வானில் ஏறிவிட்டார்கள், மறுபடி இறங்கமாட்டோம் என்றார்கள். வேறு வழியில்லாமல் கனகரத்தினத்தாரே பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து என் காரைத் தள்ளினார். ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவர் ஏசவில்லை. புகைக்குழாயைக் குனிந்து பார்த்து, "புகை இல்லைத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல்லை நினைத்து நினைத்து இன்றுவரைக்கும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகையால் தங்கச்சி, நான் கேட்பது ஒன்றுதான். கனகரத்தினத்தாரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. என் கார் புகைக்கிறது என்பதுதானே குறை? அந்தக் குறை இப்போது இல்லை. ஸ்டார்ட் வருவதில் மட்டும் சிறு சுணக்கம். விடியக் காலமை ஒயிலை இறக்கி அடுப்பில் சூடாக்கி ஊற்றினால் அதுவும் சரிவரும். தன் புட்டுப் பானையைத் தொட்டால் கலியாணத்துக்கே வரமாட்டேன் என்கிறா உன் மச்சாள், வேறு பானை பார்ப்போம். அதுவும் சரிவராவிட்டால் லான்ட்மாஸ்டர் உழவு மெஷினில் கயிறு கட்டி இழுப்பிக்கலாம், பறக்கிற இயந்திரத்தைக் கொஞ்சம் பின்னால் பறக்கச் சொன்னால் கயிறு படத்தில் விழாது. மருமகன் என் காரில் இருந்தால் போதும், அது ஓடவேண்டும் என்பதுகூட எனக்கு இல்லை. நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இதை மட்டும் மறுக்காதே.

மச்சானுக்கு என் அன்பு. முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசச் சொல்லு, தடித்த எண்ணெய் வேண்டாம். பிள்ளைகள் எல்லோருக்கும் பிள்ளையார் தேய்மானமில்லாத ஆயுளைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணனும் மாப்பிள்ளையின் தாய்மாமனுமாகிய
சோமசேகரம்

பி.கு.: வித்தியா கொழும்புக்குப் போய்விட்டதால் இக்கடிதம் படமெடுக்கப்படாமல் சில நாள் மேசையில் கிடந்தது. இதற்கிடையில் கனகரத்தினத்தார் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டே கதைத்தார். "சோமர், ஒண்டு கேக்கவேணும், வெளியிலை சொல்லக்கூடாது. என்ரை கார் உம்மடையிலும் பாக்கக் கூட ஒயில் குடிக்குது. விடியப் பின்வளவு வாழையடியிலை ஸ்டார்ட் பண்ணி, சூடாகிப் புகை அடங்கினாப்பிறகுதான் ஒழுங்கைக்கு எடுக்கிறனான். அண்டைக்கு உம்மடை கார் எடுத்த உடனை புகையில்லாமல் ஓடினதைக் கண்டதிலையிருந்து எனக்கு நித்திரை இல்லை, பொறாமையாக் கிடக்கு. என்ன ஒயில் போட்டனீர்?" பிள்ளை, இத்தனை வருஷத்தில் அந்த மனுசன் என்னிடம் ஒன்றைக் கேட்டது இதுதான் முதல் தடவை. அது புகைக்காமலிருப்பது ஓடாமலிருப்பதால்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் எழும்பிப்போய் மிச்ச ஒயிலை எடுத்துக் கொடுத்து, பாணி மருந்தை எவ்வளவு கலக்கவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன். அன்றைக்குச் சாப்பிட்டது போல் நான் பல நாளாகச் சாப்பிடவில்லை.

அடுத்தநாள் விடிய எதிர்வீட்டுப் பின்வளவில் கார்ச் சத்தம் இல்லை. போய்ப் பார்த்தேன். கனகரத்தினத்தார் கையில் ஸ்டார்ட் பண்ணுகிற கம்பியோடு வாழையடியில் குந்தியிருந்தார். "ஓடாத கார் புகைக்காது, ரகசியம் இதுதானோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். நானும் பக்கத்தில் குந்தினேன். இரண்டு எஞ்சினையும் கழற்றவேண்டும் என்கிறான் மெக்கானிக் ஜெயசுதன், எந்த மாதம் என்று சொல்லவில்லை. ஆகவே மேலே எழுதியது எல்லாவற்றையும் விட்டுவிடு. மருமகனுக்கு நல்ல ஏசி வான் ஒன்று பிடி. நானும் கனகரத்தினத்தாரும் என் மோட்டார்சைக்கிளில் பின்னால் வருவோம் என்று பேசியிருக்கிறோம். யார் முன்னுக்கு இருந்து ஓட்டுவது என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் யார் என்பதை நீ ஒருதரம் அவருக்குப் போன் எடுத்துச் சொல்லிவிடு.