நாற்பத்தொரு பெண்களும் ஒரு வால் நுனியும்

காட்டெலிகளின் வயிற்றில் உலகம் இதுவரை அறியாத உருளைப்புழு ஏதும் குடியிருக்கிறதா என்று கண்டறிய எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு மூன்று வருட அனுமதி கிடைத்திருந்தது. புதிய இனம் அகப்பட்டால் கண்டுபிடித்தவருக்கு வேலை நிரந்தரம். அகப்படாவிட்டால் எலிக்கும் விடுதலை, எனக்கும் விடுதலை.

எலியின் வயிற்றைக் கீறி, குடலை உப்புத் தண்ணீரில் அலசி, நூல் நூலாய்க் கிடப்பதை எடுத்துக் குப்பியில் போடுவது என் வேலை. மகளுக்குப் பேன் பார்த்துப் பழகிய கண், ஒன்றும் தப்பாது.

அனுமதி முடிய இரண்டு மாதம் இருக்கும்போது ஒரே எலியிடம் நாற்பத்தொரு புழுக்கள் எடுத்தேன். நுண்ணோக்கியில் குனிந்த ஆய்வாளர் மேடம் முதலில் துள்ளினார், பிறகு முகத்தைத் தொங்கப்போட்டார்.

“புதுசு மாதிரிதான் தெரியுது. ஆனா எல்லாமே பொம்பளைம்மா.”

“அதுல என்ன மேடம் குறைச்சல்?”

“பெண் புழுவெல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆணோட வால் நுனியில இருக்கிற முள்ளை அளந்தாத்தான் என்ன இனம்னு சொல்ல முடியும்.”

இதையே ஒரு குறிப்பாக எழுதி, கண்டுபிடிப்புகளைப் பதிவு செய்யும் பதிவாளருக்கும் அனுப்பினார். பதிவாளர் படித்து மகிழ்ந்தார்.

“அறிவியல்ல இப்பத்தான் ஒரு நியாயமான பேச்சைக் கேக்கறேன். நாப்பத்தொரு பொம்பளைங்க சேர்ந்து வந்து நின்னா எப்படி? குடும்பத் தலைவர் எங்கே?”

“தேடறோம் சார்.”

“கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வாங்க.”

பதினாறு எலிகள் உயிர்த்தியாகம் செய்த பிறகு ஆண் ஒன்று அகப்பட்டது. பெண்ணில் பாதி நீளம். வாலைச் சுருட்டிக்கொண்டு, ஊர் வம்பு நமக்கெதற்கு என்று செத்திருந்தது. அன்னாருக்குத் தனிக் குப்பி, சிவப்புச் சீட்டு, பூட்டுள்ள அலமாரி. வயிறு நிறைய முட்டை சுமந்த நாற்பத்தொரு பேருக்கும் சேர்த்து ஒரே குப்பி. சீட்டில் ‘மற்றும் பலர்’.

பதிவாளர் படிவத்தை விரித்துப் பேனாவைத் திறந்தார். “கண்டுபிடிச்சது யாரு?”

என் பெயரைச் சொன்னேன்.

“வீட்டுக்காரர் பேரு?”

“அவரு தையல்காரர் சார். எலிப் படத்தைப் பார்த்தாலே கட்டில் மேல ஏறிடுவாரு.”

“அவரு எங்கே ஏறினாலும் கட்டத்தைக் காலியா விடக்கூடாதும்மா.”

சொன்னேன்.

மூன்றாம் வாரம் உத்தரவு வந்தது. ‘அன்னாரது அரிய கண்டுபிடிப்பைப் பாராட்டி’ என் வீட்டுக்காரருக்கு வேலை நிரந்தரமாகியிருந்தது. தாளும் கையுமாக ஓடினேன். மேடமும் கூடவே வந்தார்.

“இதுல தப்பே இல்லை.” பதிவாளர் பழைய குறிப்பை எடுத்து விரல் வைத்துக் காட்டினார். “பெண்ணை வச்சு அடையாளம் சொல்ல முடியாது. ஆண் இருந்தாத்தான் முடியும். உங்க மேடம் கையெழுத்து!”

“நான் புழுவுக்குச் சொன்னேன்” என்றார் மேடம்.

“புழுவுக்கு மட்டும்னு எழுதியிருக்கீங்களா?”

எழுதவில்லை.

வேலையில் சேரும் நாளன்று என் வீட்டுக்காரர் புதுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு போனார். முதல் எலியைப் பார்த்ததும் அதன் பக்கத்திலேயே சாய்ந்தார். நிரந்தர ஊழியர் உடல்நலம் குன்றினால் வாழ்க்கைத்துணை பதிலுக்கு வரலாம் என்று புண்ணியவான் எவரோ ஒரு விதி எழுதி வைத்திருந்தார். ஆகவே அவர் மறுபடி தையல் மிஷினில்; நான் மறுபடி அதே மேசையில், அதே கத்தியோடு. வருகைப் பதிவேட்டில் அவர் பெயரைத்தான் எழுதுகிறேன். அவருடைய கையெழுத்து வரவர அழகாகிறது என்று பதிவாளர் பாராட்டினார்.

போன வாரம் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனேன். டீச்சர் படிவத்தை நிரப்பினார்.

“அப்பா என்ன பண்றாரு?”

“புழு ஆராய்ச்சி.”

“நீங்க?”

அரசாங்கத் தாளில் பொய் எழுதக்கூடாதில்லையா? பதிவில் உள்ளபடியே சொன்னேன்: “வீட்டுல சும்மாதான் இருக்கேன்.”

டீச்சர் நிமிர்ந்து, உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

“நானும்தான்” என்று சொல்லிவிட்டு, படிவத்தின் அடியில் தன் வீட்டுக்காரர் பெயரில் கையெழுத்துப் போட்டார்.