மூன்றாவது தடவைக்குக் காத்திருந்தவர்

"...வலிஞ்சு சொன்னா செல்லாதுடா, சந்தர்ப்பம் தானா வரணும்" என்றார் 'மூணுதடவை', செம்பூர் போகும் பஸ்ஸில். அவருக்குப் பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம்.

உலகத்திலேயே மெதுவாக நாவல் படித்த மனிதர் அவர்தான். அறுபதுகளில், பம்பாய் மாதுங்காவில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர். இங்கிலீஷ் நாவலில் தெரியாத வார்த்தை வந்தால் அகராதியைப் பார்ப்பார். பிறகு அதை மூன்று பேரிடம், பொருந்துகிற இடத்தில் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தைத் திருப்பமாட்டார். பெயர் வந்தது அப்படித்தான்.

'கார்புலென்ட்' என்றால் பருத்த சரீரம். இரண்டு பேரிடம் சொல்லியாகிவிட்டது. மூன்றாவதாக ஆபீஸ் மேனேஜரின் மனைவி எதிரே வந்தார். மறுவாரம் இவரை டிராம்பே கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

"போனாப் போறது, பக்கம் திரும்பித்தே" என்றார்.

இதே பழக்கத்தால் நாலு பெண்வீடு கைநழுவிப் போயிற்று. வயது முப்பத்தாறு. இதுதான் கடைசி ஜாதகம், இனிமேல் என்னால் அலைய முடியாது என்று பாலக்காட்டிலிருந்து அவர் அக்கா எழுதிவிட்டாள்.

அன்றைய கையிருப்பு 'லுகூப்ரியஸ்'. அழுது வடிகிற என்று அர்த்தம். என்னிடம் இரவல் வாங்கிய கொலை நாவலில் நூற்றுப் பதினாலாம் பக்கம். மெஸ் சமையல்காரரிடம் அவர் முகத்தைப் பற்றி ஒருமுறை, டிக்கெட் பரிசோதகரிடம் அவருடைய ஸ்டேஷனைப் பற்றி ஒருமுறை சொல்லியாயிற்று. மூன்றாவதுக்கு ஒன்பது மாதமாகக் காத்திருந்தார்.

"அண்ணா, இன்னிக்கு வாயைச் சாப்பிட மட்டும் திறங்கோ" என்றேன்.

சொஜ்ஜி, பஜ்ஜி வந்தன. பெண் பாடினாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் முகாரி பாடியவளை அதற்கு முன்போ பின்போ நான் பார்த்ததில்லை. பாட்டு முடிந்ததும் அவள் அப்பாவே மூக்கைச் சிந்தினார். மூணுதடவையின் உதடு குவிந்தது. அவர் காலை மிதித்தேன்.

"என்னமோ சொல்ல வந்தேளே" என்றாள் பெண்.

அவ்வளவுதான். நாவல், மூன்று பேர் விதி, வார்த்தையின் அர்த்தம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். வார்த்தையை மட்டும்தான் சொல்லவில்லை.

"கொலை பண்ணினது யாரு?" என்று கேட்டாள்.

"தெரியாது. ஒன்பது மாசமா அதே பக்கம்."

"எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு பாட்டுதான். அழுதுதான் வடியறது. சொல்லிக்கோங்கோ, பக்கமாவது திரும்பட்டும்."

அவர் சொஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தார்.

"இல்லே. பாட்டு நன்னாருந்தது" என்றார்.

மறுநாள் காலை, கொலைகாரன் யாரென்று தெரியாமலே நாவலை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அக்காவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.