அறுப்புப் பண்டிகையில் ஏலம்போன எட்டுக் கிரகங்கள்

பாறசாலை

கிறிஸ்துவுக்குள் பிரியமுள்ள ஈசாக் மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கை செல்லபாயின் கணவன் பொன்னுதாஸ் எழுதிக்கொள்வது. இங்கே என் முட்டுவலி நீங்கலாக எல்லாரும் கர்த்தர் கிருபையால் சுகம். பெங்களூரில் தாங்களும் அக்காவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஒன்று சொல்வதற்குள் தாங்கள் நாலு புத்தி சொல்லிவிடுவீர்கள் என்பதால் கடிதம்.

முதலில் ஓர் உறுதி. தாங்கள் பாடுபட்டுப் பிடித்துவைத்திருக்கும் நர்சிங் சீட்டில் எங்கள் மகள் பிஜி கட்டாயம் வந்து சேருவாள். வானசாஸ்திரம் படிக்க வேண்டும், அதற்கு முதலில் திருவனந்தபுரத்தில் பிசிக்ஸ் சேர வேண்டும் என்று அவள் சாப்பாட்டுத் தட்டோடு பிணங்கிக்கொண்டிருந்தாலும், நானோ செல்லபாயோ தங்கள் வாக்குக்கு எதிர்வாக்குச் சொல்லவில்லை. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் இவள் எனக்குத் தேடித்தந்த தலைக்குனிவை வேறு யாரும் ஊதிப் பெருக்கிச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

அன்று அறுப்புப் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூரியக் குடும்பத்தைப் பற்றி இவள் பேசுவதாக ஏற்பாடு. அதற்காகக் கிரகங்களை வீட்டிலிருந்தே கொண்டுவந்தாள். புதனுக்கு நல்லமிளகு, வெள்ளிக்கும் பூமிக்கும் ஆளுக்கொரு சுண்டைக்காய், செவ்வாய்க்குக் குன்றிமணி, வியாழனுக்குப் பம்ப்ளிமாஸ், சனிக்கு உரித்த தேங்காயும் இடுப்பில் ரப்பர் ஷீட்டை வெட்டிய வளையமும், யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் எலுமிச்சை. சூரியன் அளவுக்குக் காய் உலகத்தில் இல்லாததால் தங்கள் தங்கையின் மஞ்சள் சேலையைச் சுவரில் வட்டமாகக் குத்திவைத்தாள். எல்லாம் அளவு பார்த்துச் செய்தது, மச்சான். அந்த வாரம் முழுக்க ஸ்கேல் இல்லாமல் நான் சந்தைக்குப் போகவில்லை. எல்லாம் சரி, ஆனால் கிரகங்களை அவள் கொண்டுபோய் வைத்தது காணிக்கை மேசையில். அந்த மேசையில் ஏறிய காயும் கனியும் கர்த்தருக்குரியவை, ஏலத்தில் எடுக்காமல் கொண்டுவந்தவரும் திரும்பக் கொண்டுபோகக் கூடாது என்ற நம் சபை முறை தங்களுக்கே தெரியும்.

ஏலம் விளிக்கிற அஜேஷ் மரச்சீனிக் கிழங்கு, வாழைக்குலை, சேவல் எல்லாம் விற்றுவிட்டுச் சனியைத் தூக்கினான்.

"ரப்பர் கெட்டின தேங்காயாக்கும், யாருக்கு வேணும்?"

பிஜி அழுவாள் என்று நான் எழுந்தேன். அவள் அழவில்லை. நேரே போய் மைக்கை வாங்கினாள்.

"அண்ணா, அது தேங்கா இல்ல, சனி. விக்கணும்னா வித்துக்கோ. ஆனா இன்ன சாதனம்னு சொல்லாம விக்கப்பிடாது."

பிறகு அவன் ஒவ்வொன்றாகத் தூக்க, இவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, போதகர் பிரசங்கத்தில் தூங்கினவர்கள்கூட விழித்து உட்கார்ந்துவிட்டார்கள். சனியின் வளையம் பனிக்கட்டியும் கல்லுமாம். வியாழனுக்குள் ஆயிரத்துக்கு மேல் பூமி கொள்ளுமாம். புதனுக்கு மூன்று மாதம் முடியுமுன்னே ஒரு வருஷம் முடிந்துவிடுமாம். வெள்ளி சூரியனுக்கு இரண்டாவதாக இருந்தாலும் மேகத்தைப் போர்த்திக்கொண்டு புதனைவிடச் சூடாகக் கிடக்கிறதாம். செவ்வாயின் சிவப்பு துருவாம். யுரேனஸ் படுத்துக்கொண்டே சுற்றுமாம். நெப்டியூனில் ஒரு வருஷம் கழிவதற்குள் இங்கே ஐந்தாறு தலைமுறை போய்விடுமாம். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் களியக்காவிளையிலிருந்து வந்த ஒருவர், தான் தமிழ்நாட்டுக்காரர் ஆகையால் தூரத்துக் கிரகம் தனக்குத்தான் என்று நெப்டியூனை அடம்பிடித்து எடுத்தார். பின்வரிசையில் யாரோ சூரியனையும் கேட்க, செல்லபாய் எழுந்து, "எலே, அது என் சேலையாக்கும்!" என்று சூரியனைக் காப்பாற்றினாள். எனக்கோ ஒரே தலைக்குனிவு. நிமிர்ந்து உட்கார்ந்தபடியே குனிந்திருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் மிஞ்சியது பூமி.

"இத்துனூண்டு சுண்டைக்கா, இத எவன் எடுப்பான்? நீயே கொண்டு போ மக்கா" என்றான் அஜேஷ்.

பிஜி அதை விரல்நுனியில் தூக்கிக் காட்டினாள். "இதுவரைக்கும் வித்ததில ஒண்ணுலயும் மூச்சுவிட முடியாது. நாம எல்லாரும் இதிலயாக்கும் நிக்கியோம். பாறசாலையும், அம்பூரி மலையும், பெங்களூரு மாமாவும் எல்லாம் இதில உண்டு."

அப்புறம் கேட்டார்கள் பாருங்கள் ஏலம்! வியாழனைத் தாண்டிற்று, சேவலைத் தாண்டிற்று. பெண்கள் பக்கம் தூக்கிய ஒரு கை மட்டும் கீழே இறங்கவே இல்லை. தங்கள் தங்கையின் கை. "என் மகளுக்க பூமி எனக்கு" என்றாள். அஜேஷ் மூன்று தரம் சொல்லி முடித்தான். அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அவள் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மச்சான். அப்படி ஒரு பெருமை என் ஆயுசில் எனக்கு வந்ததில்லை.

நிற்க. பிஜியை நன்றாகக் கண்டித்துவிட்டேன். நர்சிங்குக்குப் பெட்டி கட்டச் சொல்லியிருக்கிறேன். மகன் பினு தங்களை விசாரிக்கிறான். கர்த்தர் தங்கள் வீட்டையும் வேலையையும் ஆசீர்வதிப்பாராக.

தங்கள் வாக்குக்குக் கட்டுப்பட்ட
பொன்னுதாஸ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் செல்லபாய் இதைப் பிடுங்கி வாசித்தாள். "என்னத்த எழுதி வச்சிருக்கிய? அந்த சீட்ட வேற ஒரு பிள்ளைக்குக் குடுக்கட்டுன்னு அண்ணனுக்கு எழுதுங்க. நேத்து தையல் கிளாசுக்குன்னு சொல்லிட்டு இவளத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிட்டுப் போயி பிசிக்ஸ்ல சேத்தாச்சு" என்கிறாள். எனக்கே இப்போதுதான் தெரியும். ஆகவே மச்சான், மேலே நர்சிங் என்று வருகிற இடங்களை அடித்துவிட்டு வாசிக்கவும். மற்றதையெல்லாம் அக்காவுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் கேட்கும்படி உரக்க வாசிக்கவும்.