பிர்கன்டாலின் கரடி

மனிதரில் ஒரு வகை உண்டு: எட்டு மாதம் தங்கிய ஊருக்கு எண்ணூறு வருட வரலாறு சொல்பவர்கள். சிட்னியில் இவர்களுக்குப் பஞ்சமே இல்லை. நீங்கள் இன்னும் ஒருவரிடமும் மாட்டவில்லையென்றால், செவன் ஹில்ஸில் யோகேஸ்வரன் அங்கிள் வீட்டுக்கு ஒரு பிறந்தநாளுக்குப் போய்ப் பாருங்கள்.

தொண்ணூறாம் ஆண்டு, ஜெர்மனியில் பிர்கன்டால் என்ற சின்ன நகரத்து அகதி முகாமில் எட்டு மாதம் இருந்தவர் அவர். அங்கே மேசையில் கிடந்த ஒரு காகித மட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். அதில் ஒரு கேடயம், கேடயத்துக்குள் சிவப்புக் கரடி, கரடியின் கையில் பீப்பா. நகரத்தின் இலச்சினையாம். இப்போது அது கதவளவுக்குப் பெரிதாகி, சட்டம் போட்டு, ஹோலில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கீழே ஒரு கதிரையில் உங்களை இருத்தி, எதிரிப் பிரபு கோட்டையை வளைத்தது, ஊர்ச்சனம் பீப்பாவுக்குள் வெடிமருந்தை ஒளித்தது, கரடி அதைக் காத்தது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் தட்டில் வைத்த ரோல்ஸ் ஆறிவிடும். கரடி எப்படிக் காத்தது? கேட்டுவிடாதீர்கள். இன்னும் அரை மணி நேரம் போகும்.

அதிர்ஷ்டத்தைப் பாருங்கள், மகன் சுகிர்தன் காதலித்தது அதே பிர்கன்டாலில் பிறந்து வளர்ந்த வினுஷாவை! அங்கிளுக்குக் கால் தரையில் படவில்லை. மதுவைத் தொடாத, வருடந்தோறும் காவடி எடுக்கிற அந்த மனிதர், ஒருவரையும் கேட்காமல் நானூறு கலியாணக் கார்டிலும் பிள்ளையாருக்குக் கீழே கரடியை அச்சடித்து, பாதியைத் தபாலிலும் சேர்த்துவிட்டு, முதன்முறை வீட்டுக்கு வந்த மருமகளிடம் எங்கள் எல்லோர் முன்னிலையிலும் ஒரு கார்டை நீட்டினார். வினுஷா கரடியை உற்றுப் பார்த்தாள்.

“அங்கிள்... டவுனின்ர இலச்சினை மூண்டு மரம். இது அங்கத்தைய பியர் கொம்பனியின்ர சின்னம். கிளாசுக்குக் கீழ வைக்கிற மட்டையில இருக்கும்.”

அவர் மனைவி இரஞ்சிதம் அன்ரி எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

“எங்கட அப்பா முப்பது வருசம் அங்கதான் வேலை செய்தவர்,” என்றாள் வினுஷா, பாவம், ஆறுதலாக.

அங்கிள் ஒரு மூச்சு இழுத்தார். ஒன்றே ஒன்று.

“தெரியும் பிள்ளை. சம்பந்தியின்ர தொழிலுக்கு மரியாதையாத்தானே போட்டனான். அந்தக் கொம்பனியின்ர வரலாறு தெரியுமோ? இரும், சொல்லுறன்.”

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சூரிச்சில் விமானம் மாறிய ஐந்து மணி நேரத்தை வைத்து, போன கிழமை வீட்டுக்கு வந்த ஒருவனுக்குச் சுவிஸ்காரரின் குணம் முழுவதையும் விளக்கினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? வந்தவன் நான்தான். தேத்தண்ணி ஆறிவிட்டது.