எட்டு வாளித் தண்ணீர்

புரியாத பேச்சுக்கெல்லாம் புரிந்ததுபோலத் தலையாட்டும் பழக்கம் எனக்கு உண்டு. இப்போது கழுத்து வலி வந்துவிட்டதால் குறைத்துக்கொண்டிருக்கிறேன். இருபத்திரண்டு வயதில் கழுத்து நன்றாகவே வேலை செய்தது.

யாங்கோனில் பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்த காலம் அது. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் வீட்டில் ரயில் சத்தம் கேட்டபடி சும்மா படுத்திருந்த என்னை, "இங்கிலீஷ் தெரிஞ்ச பையன்" என்று சொல்லி, மாமா ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். (மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆகவே அவர் பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது.)

வீடு பசுந்தாங் பேட்டையில், ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில். வீட்டுக்கார அம்மா பெயர் தாமார், இஸ்ரேல்காரர். அவர் கணவர் நம் விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் சொல்லிக்கொடுக்க வந்தவர், பாதி நாள் வெளியூரில்தான் இருப்பார். சமையலுக்கு மா சான் என்ற பர்மிய அக்கா. தாமாருக்கு பர்மிய மொழி தெரியாது, மா சானுக்கு இங்கிலீஷ் தெரியாது. இருவருக்கும் நடுவே பாலம் நான். (ஓட்டைப் பாலம்.)

ஏப்ரல் மாதத்து வெயில் ஜன்னலை உருக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், தாமாருக்குத் தன் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. கோடையில் அங்கே விடிந்ததும் ஜன்னல் கதவுகளை இறக்கி வீட்டை இருட்டாக்கிவிடுவார்களாம். வாளி வாளியாகத் தரையில் தண்ணீர் ஊற்றி, ரப்பர் பட்டை வைத்த நீளக் குச்சியால் வெளியே தள்ளுவார்களாம். குழந்தைகள் ஈரத் தரையில் வெறுங்காலோடு ஓடுமாம். சாயங்காலம் தர்பூசணியும் உப்புப் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சாப்பிடுவார்களாம். குளிர்காலம் வந்தால் அதே தரை பனிக்கட்டி. பரணிலிருந்து கம்பளத்தை இறக்கி விரித்து, ஒரே ஒரு ஹீட்டரைச் சுற்றி வீடே உட்கார்ந்து சூப் குடிக்குமாம். மழையும் அப்போதுதான் பெய்யுமாம்.

இதுவரை நான் அவர் பேச்சின் பின்னாலேயே ஓரளவு ஓடி வந்தேன். இந்த இடத்தில் மூச்சு வாங்கியது. குளிர்காலத்தில் மழையா? மா சானிடம் அப்படியே சொன்னேன்.

"அப்ப மழைக்காலத்துல என்ன பண்ணுவாங்க, மோங்லே?" என்று கேட்டார் மா சான். (மோங்லே என்றால் தம்பி.)

"மழைக்காலமே கிடையாதாம்."

"ஐயோ பாவம். தவளையெல்லாம் எப்ப கத்தும்? கேளு."

தவளைக்கு இங்கிலீஷ் மறந்துவிட்டது. தொண்டையை உப்பவைத்துக் கத்திக் காட்டினேன். தாமார் பதறிப்போய் எனக்கு வெந்நீரும் இருமல் மிட்டாயும் கொடுத்தார். வாங்கிக்கொண்டு தலையாட்டினேன்.

பிறகு அவர் தன் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த ரப்பர் குச்சியை மூலையிலிருந்து எடுத்து, ஆசையோடு பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டு, கடைசியாக ஒன்று சொன்னார். என் காதில் விழுந்தது: "ஹியர், வீ கேன்." இங்கே நம்மால் முடியும். அவர் சொன்னது "ஹியர், வீ கான்ட்." முடியாது. அந்த 'ட்' அவர் தொண்டையிலேயே தங்கிவிட்டது. குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினார்.

"தரையில தண்ணி ஊத்தணுமாம்" என்றேன் மா சானிடம்.

"இது பலகைத் தரை, மோங்லே. நிஜமா சொன்னாங்களா?"

தலையாட்டினேன்.

எட்டு வாளி. ஒருவர் சொட்டுச் சொட்டாக நீர்விடச் சொல்லிக்கொடுக்கும் வீட்டில் எட்டு வாளி ஊற்றினேன். குச்சியால் பால்கனிப் பக்கம் தள்ளினேன். தண்ணீர் பால்கனிக்குப் போகவில்லை. எங்கேயோ காணாமல் போயிற்று.

"பாருங்க, சூட்டுக்குத் தரையே குடிச்சிடுது" என்று விஞ்ஞானி மாதிரி விளக்கினேன்.

கீழே காதர் நானாவின் அச்சகம். அங்கிருந்து அவர் குரல் வந்தது: "யா அல்லா! மேல யாரு மாடு குளிப்பாட்டுறது?"

தொடர்ந்து இன்னொரு குரல்: "ஏம்பா காதர், ஏப்ரல்ல மழையா?"

அது என் அப்பாவின் குரல்.

பன்னிரண்டு நாளில் என் அக்காவுக்குக் கல்யாணம். அழைப்பிதழை காதர் நானாதான் அடித்துக்கொண்டிருந்தார். அதை வாங்க அப்பா அன்றைக்குத்தான் வந்திருந்தார். கைலி சொட்டச் சொட்ட மாடிப்படி ஏறி, "எந்த மடையன்டா..." என்றபடி உள்ளே வந்தவர், கையில் குச்சியோடு நின்ற மடையனைப் பார்த்து, கைலியைப் பிழிய ஆரம்பித்தார். அதே நேரம் தர்பூசணியோடு தாமாரும் வந்து சேர்ந்தார்.

"தண்ணி ஊத்தச் சொன்னது யாருன்னு அந்தம்மாகிட்ட கேளுடா" என்றார் அப்பா.

நான் தாமாரிடம் திரும்பி, "என் அப்பா உங்கள் நலம் விசாரிக்கிறார்" என்றேன்.

"நலம்தான். என் தரை ஏன் குளமாக இருக்கிறது?" என்றார் தாமார்.

"என்ன சொல்றாங்க?"

"உங்களைப் பார்த்ததுல சந்தோஷமாம்."

"அப்புறம் ஏன்டா தலையில கை வச்சுக்கறாங்க?"

மா சானுக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை. வாளியைக் காட்டினார், என்னைக் காட்டினார், தரையைக் காட்டினார், கடைசியில் தன் காதைப் பிடித்துத் திருகிக் காட்டினார். அந்த வீட்டில் அன்று நடந்த ஒரே சரியான மொழிபெயர்ப்பு அதுதான்.

எல்லோரும் கீழே ஓடினோம். முந்நூறு அழைப்பிதழ்களும் ஒரே கட்டாக, ஒரு பக்கம் மட்டும் ஊறிக் கிடந்தன. மை இன்னும் காயவில்லை. காதர் நானா ஒவ்வொன்றாகப் பிரித்தபோது, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து மட்டும் உரிந்து, அதற்கு மேலே இருந்த அட்டையின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை பெயர் அழகுசாமி. முன்பக்கம் 'அழ சாமி' என்று இருந்தது. 'கு' பின்பக்கம், இடம் வலம் மாறி.

குளிர்கால மழையில் துணி காயாதபோது தாங்கள் இஸ்திரி போட்டே காயவைப்பதாகச் சொல்லி, தாமார் ஓடிப்போய் இஸ்திரிப் பெட்டி கொண்டுவந்தார். கரண்ட் போய்விட்டது. மா சான் கரி இஸ்திரிப் பெட்டியைப் பற்றவைத்தார். ஆளுக்கொரு கட்டாக, மாற்றி மாற்றிச் சாயங்காலம்வரை தேய்த்தோம். அட்டைகள் அப்பளம்போல நெளிந்து காய்ந்தன. 'கு' திரும்பி வரவில்லை. திரும்ப அடிக்க அந்த அட்டையும் கடையில் மீதி இல்லை. இதையேதான் எல்லோருக்கும் கொடுத்தாக வேண்டும்.

அக்காவிடம் சொல்லும் பொறுப்பு எனக்கே வந்தது. அழைப்பிதழை நீட்டிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அட்டையைத் திருப்பும் சத்தம் கேட்டது.

"டேய், 'கு' இங்கதான்டா இருக்கு" என்றாள். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

தாமார் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும், என்ன புரிந்தது என்று என்னையே திருப்பிச் சொல்லச் சொல்வார். தலையாட்டினால் செல்லாது. கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்தார்.

மச்சான் அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அழசாமிதான். அவர் எதில் கையெழுத்துப் போட்டாலும் யாராவது ஒருவர் தாளைத் திருப்பிப் பார்ப்போம். கோயிலில் நடந்த தமிழ் வகுப்பில் அவரவர் அப்பா பெயரை எழுதச் சொன்னபோது, அக்கா மகள் முன்பக்கம் 'அழசாமி' என்று எழுதி, தாளைத் திருப்பிப் பின்பக்கம் 'கு' எழுதினாளாம். டீச்சர் அதற்கும் சரி போட்டுவிட்டார். அவர் வீட்டுக்கும் அந்த அழைப்பிதழ் போயிருந்தது.